ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு

அக்கா மகளின் திருமணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அம்மா ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். கிழித்துப் போட்ட மாத நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்த அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரியும் ஒரு தெருவின் பெயரில் தொடங்கியது. ஆண்டர்சன் தெரு, பத்திரிகை. கொடவுன் தெரு, ரவிக்கைத் துணி, துண்டு. ராசப்ப செட்டித் தெரு, நலங்குச் சாமான். காசிச் செட்டித் தெரு, தாம்பூலப் பை. கடைசி வரியில் ரத்தன் பஜார், பிரம்புத் தட்டு இரண்டு. ஒரு கடையின் பெயர்கூட அதில் இல்லை. எந்தக் கடைக்குப் போவது என்று கேட்டதற்கு, "தெருவுக்குள்ள நுழைஞ்சா கடை தானா கண்ணுல படும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

தி.நகருக்குப் போனால் எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில், குளிர்சாதன அறையில், நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அக்காவுக்கும் இருந்தது. ஆனால் அம்மாவின் பட்டியலில் பொருளும் தெருவும் ஒன்றோடொன்று முடிந்து கிடந்ததால், அதை அவிழ்க்க மனமில்லாமல் இருவரும் தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறி, கடைசி நிலையமான சென்னைக் கடற்கரையில் இறங்கினோம். அப்படி மூன்று முறை போனோம்.

அந்த இடத்தை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பதிலேயே சென்னைக்காரர்கள் ஒத்துப்போவதில்லை. மாநகரப் பேருந்தின் பலகையில் பிராட்வே என்று இருக்கும். பேச்சில் அது 'பாரிஸ்'. தபால்காரருக்கு அது சென்னை 600001. வரைபடத்தில் ஜார்ஜ் டவுன். என் தாத்தா காலத்தவர்கள் வெறுமனே பட்டணம் என்பார்கள். இந்தப் பாரிஸுக்கும் பிரெஞ்சுத் தலைநகருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. 1788இல் மதராசுக்கு வந்த தாமஸ் பாரி என்ற வெல்ஷ் வணிகரின் நிறுவனம் நின்ற முனை பாரி முனையாகி, 'பாரீஸ் கார்னர்' ஆகி, கடைசியில் 'பாரிஸ்' ஆக நின்றுவிட்டது. அதே முனையில் இன்று நிற்கும் டேர் ஹவுஸ் 1940இல் எழுந்த கட்டடம்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இந்த இடத்துக்கும் உள்ள தொடர்பு வேறு மாதிரியானது. புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, சுவரை ஒட்டினாற்போல, இப்போது உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில்தான் முதலில் நம் மக்கள் குடியிருந்த ஊர் இருந்தது. ஆங்கிலேயர்கள் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். 1746இல் மதராசைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், கோட்டைக்கு அருகே இருந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். 1749இல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள், எதிரி ஒளிந்து சுட வீடுகள் மறைவாகக்கூடாது என்று மீதியையும் இடித்தார்கள். பிறகு, கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே இனி யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று மட்டும் டேர் ஹவுஸ் வளாகத்தின் மூலையில் இன்னும் நிற்கிறது. அதன் பக்கத்தில் இளநீர் குடித்துக்கொண்டு நின்ற பத்து நிமிடத்தில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு ஊரையே பின்னுக்குத் தள்ளிய தூண் அது.

பின்னுக்குப் போன ஊர் முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்ற இரண்டு பேட்டைகளில் போய் அமர்ந்தது. வீடுகளோடு கோயிலும் நகர்ந்தது. பட்டணம் கோயில் என்று மக்கள் அழைக்கும் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சென்ன மல்லீசுவரர் கோயிலும் முதலில் இருந்தது அந்த உயர் நீதிமன்ற மனையில்தான். கிழக்கிந்தியக் கம்பெனி இடித்த கோயிலுக்கு மாற்றாக மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று இப்போதைய இடத்தில் இரட்டைக் கோயில்களாகக் கட்டுவித்தார். பூக்கடைப் பக்கத்து நெரிசலில், கூவிக் கூவி விற்பவர்களுக்கு நடுவே, அந்தக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். பிற்பாடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் கறுப்பர் நகரம் ஜார்ஜ் டவுன் ஆனது. பெயர் மாறியதில் ஒரு அவமானம் நீங்கியது. ஆனால் மாற்றியவர்களுக்கு இன்னொரு மன்னரின் பெயரைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

ஆண்டர்சன் தெருவுக்குள் நுழைந்தபோது அம்மா சொன்னது சரி என்று தெரிந்தது. தெரு முழுவதும் காகிதம். மூட்டை மூட்டையாக, ரீம் ரீமாக, தலைச்சுமையாகவும் கைவண்டியிலும் காகிதம் போய்க்கொண்டிருந்தது. நடுநடுவே திருமணப் பத்திரிகைக் கடைகள். பிள்ளையார் மட்டும் நூறு விதமாக இருந்தார்: அரச இலையில், வெற்றிலையில், ஒரே கோட்டில், தங்க முலாம் பூசி, வெட்டி எடுத்த துளைக்குள். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியதோ வண்ணத்தைப் பற்றியதோ இல்லை.

"எத்தினி கார்டு?"

இந்தப் பேட்டைகளில் எங்கே போனாலும் உரையாடல் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஐந்நூறு என்றால் உட்காரச் சொல்வார்கள். நூறு என்றால் நிற்க வைத்தே பேசுவார்கள். ஐம்பது என்றால் பக்கத்துக் கடையைக் கை காட்டுவார்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, எண்ணிக்கைக்கு ஏற்ற நேரம் அவ்வளவுதான் என்று எனக்குப் பிறகு புரிந்தது. நாங்கள் நானூறு கேட்டோம். உட்காரச் சொல்லி மாதிரி அட்டைகளின் தடித்த தொகுப்பு ஒன்றை மடியில் வைத்தார்கள். விலை அதிகமான அட்டைகளை எல்லாம் அக்கா ஒதுக்கிய வேகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே கீழ்த்தட்டிலிருந்து வேறு ஒரு தொகுப்பை எடுத்துப் போட்டார் கடைப் பையன். அதில் மூன்றாவது அட்டை பிடித்துப்போயிற்று. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினால் ஊறாத காகிதம் வேண்டும் என்று அக்கா சொன்னதை அவர்கள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்து, தண்ணீர் தொட்டுத் தடவிக் காட்டினார்கள்.

எழுத்துக் கோத்து புரூஃப் காட்ட இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்காக நாங்கள் திரும்பி நடந்து போன இடம்தான் ஆர்மேனியன் தெரு. தமிழில் அதற்கு அரண்மனைக்காரத் தெரு என்று பெயர். அங்கே எந்தக் காலத்திலும் அரண்மனை இருந்ததில்லை. ஆர்மேனியக்காரர்கள் வாழ்ந்த தெருவை, அந்தச் சொல் வாயில் நுழையாமல், நுழைந்த ஒரு சொல்லாக நம்மவர்கள் மாற்றிக்கொண்டார்கள். இப்படித் திரிந்த பெயர்களின் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. அதிகாரி வைத்த பெயர் பலகையில் இருக்கும். திரிந்த பெயரைத்தான் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் சொல்லிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

தெருவின் இரைச்சலிலிருந்து ஒரு பெரிய மரக்கதவைத் தாண்டினால் ஆர்மேனிய மாதா கோயில். இப்போது நிற்கும் கட்டடம் 1772ஆம் ஆண்டுக்குரியது. உள்ளே நுழைந்ததும் காது அடைத்துக்கொண்டதுபோல ஓர் அமைதி. காலடியில் கிடக்கும் கற்கள் எல்லாம் கல்லறைக் கற்கள் என்பது சில அடி நடந்த பிறகுதான் தெரிகிறது. அதன்பின் கால் வைக்கவே கூச்சமாக இருக்கிறது. வளாகத்தில் தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் இருக்கின்றன. வழிபாட்டுக்கு ஆர்மேனியர்கள் இல்லாமல் போனபின்பும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றை அடிக்கும் வழக்கம் தொடர்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் காலை நேரத்தில் போவது நல்லது; மாலையில் கதவு மூடியிருக்கும்.

அந்த முற்றத்தில் ஒரு பாதிரியாரின் கல்லறை இருக்கிறது. ஷிராஸ் நகரத்திலிருந்து வந்த ஹாருத்தியூன் ஷ்மாவோனியன். 1794இல் உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழி இதழான 'அஸ்தாரார்' இதழை இந்த மதராசில் அச்சிட்டு வெளியிட்டவர் அவர். பதினெட்டு இதழ்கள் வந்தன. அவருக்கு முன்பே, 1772இல், ஷாஹாமிர் ஷாஹாமிரியன் என்ற ஆர்மேனிய வணிகர் இங்கே அச்சகம் வைத்திருந்தார். தங்கள் நாட்டில் தங்கள் மொழியில் செய்தித்தாள் வரும் முன்பே, நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பட்டும் இரத்தினமும் விற்க வந்த ஊரில் அவர்கள் அச்சு எழுத்து கோத்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடு தூரத்துத் தெருவில் எங்கள் பத்திரிகைக்கு எழுத்து கோக்கப்படும் நேரத்தில் அந்தக் கல்லறைக்கு முன் நின்றது தற்செயல்தான். ஆனாலும் அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அதே தெருவில் செவ்வாய்க்கிழமைதோறும் எல்லா மதத்தவரும் வரிசையில் நிற்கும் அந்தோணியார் கோயில் இருக்கிறது. அந்நாளில் வலங்கை, இடங்கை என்று இரு அணிகளாகப் பிரிந்திருந்த சாதிகளில் இடங்கையாருக்காக எழுந்த கச்சாலீசுவரர் கோயில் இருக்கிறது. அன்னி பெசன்ட் 1915இல் இளைஞர்களுக்காகக் கட்டுவித்து, தன்னாட்சிக்காக முழங்கிய கோகலே மண்டபமும் இங்கேதான். அதன் இன்றைய நிலையைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. ஓர் ஐரோப்பிய நகரமாக இருந்தால் இந்த அரைக் கிலோமீட்டருக்கு நுழைவுச்சீட்டு வைத்திருப்பார்கள். இங்கே மீன்பாடி வண்டி இடிக்காமல் ஒதுங்கி நின்றாலே பெரிய காரியம்.

புரூஃபைப் பார்க்கத் திரும்பினோம். பசியில் வேகமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டோம். மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு கொம்பு விடுபட்டிருந்ததை, நானூறு அட்டையும் அச்சாகி வீட்டுக்கு வந்த அன்று மாலை அம்மாதான் கண்டுபிடித்தார். குற்றம் முழுக்க எங்களுடையது. நானூறிலும் பேனாவால் கொம்பு போட்டோம்.

இரண்டாவது முறை போனபோது பிராட்வேயைத் தாண்டி மேற்கே போனோம். இந்தச் சாலையைக் கடப்பது என்பது ஒரு காலத்தில் எல்லையைக் கடப்பது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலங்கை, இடங்கைச் சாதியாரிடையே மூண்ட சண்டைக்குப் பிறகு, பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கும் முத்தியால்பேட்டை இடங்கையினருக்கும் என்று பிரித்தார்கள். எந்தத் தெருவில் யாருடைய ஊர்வலம் போகலாம் என்பதுவரை கணக்கு இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் சாக்கடை ஓடியது. ஸ்டீபன் பாப்பம் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் அதைத் தூர்த்துச் சாலையாக்கினார். அதனால் முதலில் பாப்பம்ஸ் பிராட்வே, பிறகு பிராட்வே, இன்று பலகையில் பிரகாசம் சாலை. எல்லைக்கோடாக இருந்த சாக்கடையின் மேல் இப்போது பேருந்துகள் முக்கி முனகிக்கொண்டு ஊர்கின்றன.

சாதிக்கும் தொழிலுக்கும் இருந்த அந்தப் பிணைப்பிலிருந்துதான் ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு என்ற பழக்கம் வந்திருக்க வேண்டும் என்று நான் முதலில் எண்ணினேன். பவளக்காரத் தெரு போன்ற பெயர்கள் அதற்குச் சாட்சி சொல்வது போலிருக்கும். ஆனால் பவளக்காரத் தெருவில் வாழ்ந்தவர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனவர்கள். அவர்கள் போனபின் அங்கே நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் குடியேறினார்கள். பவளம் போய்விட்டது, தெரு இருக்கிறது. ஆக, ஒரே சரக்கை விற்பவர்கள் ஒரே தெருவில் கூடுவதற்குப் பிறப்பைவிட வியாபாரக் கணக்கே பெரிய காரணமாகப் படுகிறது. கொடவுன் தெருவில் இதைக் கண்ணால் பார்த்தேன்.

கொடவுன் தெருவில் எல்லாமே துணி. வெளியிலிருந்து பார்த்தால் ஓர் ஆள் நுழையும் அகலத்தில் ஒரு படிக்கட்டு தெரியும். ஏறினால் உள்ளே வெள்ளை விரிப்பு போட்ட திண்ணை, சுவர்முழுக்கத் 'தான்' கணக்கில் சுருட்டி அடுக்கிய துணி, செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு உட்காரும் வியாபாரிகள். தாம்பூலத்தில் வைக்க நூறு ரவிக்கைத் துணி கேட்டோம். நாங்கள் கேட்ட மாம்பழ மஞ்சள் நிறம் அவர்களிடம் நாற்பதுதான் இருந்தது. கடைக்காரர் கைப்பேசியில் ஒரே ஒரு வார்த்தை பேசினார். ஐந்து நிமிடத்தில் மீதி அறுபதும் எதிர்க் கடையிலிருந்து ஒரு பையனின் தோளில் வந்து இறங்கியது. விலை மாறவில்லை. போட்டியாளர்கள் அருகருகே இருப்பது வாங்குகிறவர்களுக்கு வசதி என்று நினைத்திருந்தேன். விற்கிறவர்களுக்கு அது அதைவிடப் பெரிய வசதி. எதிர்க் கடைதான் இவருடைய கிடங்கு, இவர் கடை எதிரே இருப்பவருக்குக் கிடங்கு. வெளியூர்க் கடைக்காரருக்கோ, காலையில் ரயிலிறங்கி ஒரே தெருவில் நாலு கடை விலை விசாரித்து, மாலைக்குள் லாரி புக்கிங் ஆபீஸில் மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். இந்தத் தெருக்கள் நமக்காக அமைந்தவை இல்லை, வேலூரிலும் விழுப்புரத்திலும் கடை வைத்திருப்பவர்களுக்காக அமைந்தவை. நாம் நடுவில் புகுந்து மலிவாக வாங்கிக்கொள்கிறோம்.

ராசப்ப செட்டித் தெருவுக்கு மூக்கே வழி காட்டும். நாட்டு மருந்துக் கடைகளின் வாசலில் திறந்த சாக்குகளில் பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், கார்போக அரிசி, ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா மொக்கு. நலங்கு மாவுக்கு என்றதும், கடையில் இருந்த முதியவர் நாங்கள் சீட்டை நீட்டும் முன்பே அளந்து போடத் தொடங்கிவிட்டார். பெண்ணுக்கு முகத்தில் பரு உண்டா என்று கேட்டார். உண்டு என்று அக்கா சொல்லவும், ஒரு சரக்கைத் திரும்பச் சாக்கிலேயே கொட்டிவிட்டு வேறொன்றைச் சேர்த்தார். இந்த ஒரு கேள்விக்காகவே நான் மறுபடியும் அங்கே போவேன்.

அந்தத் தெருவில்தான் கந்தகோட்டம் இருக்கிறது. கடைகளுக்கு நடுவே ஒரு கடைபோலத் திறந்திருக்கும் வாசலில் நுழைந்தால், உள்ளே அத்தனை பெரிய கோயிலும் குளமும் இருப்பதை முதல்முறை போகிறவர்கள் நம்ப மாட்டார்கள். 1823இல் பிறந்த இராமலிங்க வள்ளலார் ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் சிறுவயதில் வளர்ந்தபோது நாள்தோறும் வந்து நின்ற சந்நிதி இது; தெய்வமணி மாலை இந்த முருகன்மேல் பாடியது. அந்த ஏழுகிணறு என்ற பெயருக்குக் காரணமான கிணறுகள், 1772இல் கேப்டன் பேக்கர் என்பவர் கோட்டைக்குக் குடிநீர் தருவதற்காகத் தோண்டச் செய்தவை. பட்டணத்துத் தண்ணீர் கோட்டைக்குள் போனது. குளத்துப் படியில் உட்கார்ந்து காலாறிக்கொண்டிருந்தபோது சுமை தூக்கும் தொழிலாளர்கள் இருவர் தலைத்துணியை மடித்துத் தலைக்கு வைத்து மண்டபத்து நிழலில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பகுதியில் இலவசமாக உட்கார இடம் கிடைப்பது கோயில்களிலும் மசூதிகளிலும் மாதா கோயில்களிலும் மட்டும்தான்.

மாலையில் சௌகார்பேட்டை. கடன் கொடுக்கும் சாகுகார்களின் பேட்டை என்பது பெயரின் பொருள். தங்கசாலைத் தெருவுக்கு அந்தப் பெயர் 1840களில் கம்பெனியின் நாணயச்சாலை அங்கே வந்ததால் கிடைத்தது. ஆங்கிலத்தில் மின்ட் தெரு. அந்தத் தெருவிலேயே ஏகாம்பரேசுவரர் கோயிலும் இருக்கிறது, சலவைக்கல்லில் இழைத்த சமணக் கோயிலும் இருக்கிறது. தமிழர், தெலுங்கர் தெருவாக இருந்த இடத்தில் குஜராத்திகளும் மார்வாடிகளும் வந்து நிறைந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பேசும் சென்னைத் தமிழ் என்னுடையதைவிடச் சுத்தமான சென்னைத் தமிழ்.

இங்கே சாப்பிட வருகிறவர்கள் பிற்பகலில் வயிற்றைக் காலியாக வைத்திருக்க வேண்டும், வாகனத்தைக் கொண்டுவரக் கூடாது. 2019இலிருந்து உயர் நீதிமன்றத்துக்கும் மண்ணடிக்கும் மெட்ரோ ஓடுகிறது; மீதியை நடந்துவிடலாம். காக்கடா ராம்பிரசாத் கடையில் நெய்யில் பொரித்த ஜிலேபியைச் சூடாக எடுத்துத் தட்டில் போடுவார்கள். பின்னோடு ஒரு குவளை பாதாம் பால். சற்றுத் தள்ளி ஒரு சந்தில் முறுக்குச் சாண்ட்விச். இரண்டு சிறிய முறுக்குகளுக்கு நடுவே வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம், பச்சைச் சட்னி, மேலே துருவிய சீஸ். நம் முறுக்கும் அவர்கள் சட்னியும் வெள்ளைக்காரன் சீஸும் ஒரே வாயில் நொறுங்கும் அந்தப் பண்டத்தை முதல் கடியில் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது கடியில் இன்னொன்று சொன்னேன். கடைசியாக, மாலையில்தான் திறக்கும் சீனா பாய் டிபன் சென்டர். இட்லியும் ஊத்தப்பமும் தவிர வேறொன்றும் கிடையாது. பொடி தூவி, நெய்யை ஊற்று ஊற்றென்று ஊற்றிக் கல்லில் புரட்டி எடுக்கும் அந்த இட்லியைத் தெருவில் நின்றபடிதான் தின்ன வேண்டும். வேட்டி கட்டிய பெரியவரும் நகைக்கடை மேலாளரும் கைவண்டிக்காரரும் ஒரே மாதிரித் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார்கள்.

திரும்பும் வழியில் என்.எஸ்.சி. போஸ் சாலையில் பச்சையப்பன் மண்டபம். ஏதென்ஸ் நகரத்துக் கோயிலைப் பார்த்து 1840களில் கட்டத் தொடங்கிய அதன் கிரேக்கத் தூண்கள் கடைப் பலகைகளுக்கு மேலே எட்டிப் பார்க்கும். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் படும் பாட்டைச் சொல்ல 1896 அக்டோபரில் காந்தி பேசியது இந்த மண்டபத்தில்தான். அப்போது அவருக்கு வயது 27.

மூன்றாவது முறை போனது தாம்பூலப் பைக்காக. காசிச் செட்டித் தெருவில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டதால் பர்மா பஜார்ப் பக்கம் நடந்தோம். 1960களில் பர்மாவில் கடைகளையும் நிலங்களையும் அரசு எடுத்துக்கொண்டபோது வெறுங்கையோடு கப்பலேறி வந்த தமிழர்களுக்கு, பிழைப்புக்காக 1969இல் ராஜாஜி சாலை ஓரமாக ஒதுக்கிய கடைவரிசை அது. ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கைக்கடிகாரமும் வாசனைத் திரவமும் வாங்க ஊரே திரண்ட இடம். இன்று கைப்பேசி உறையும் மின்கம்பியும்தான் அதிகம். அவர்கள் கொண்டுவந்ததில் இன்றும் வாடாமல் இருப்பது சாப்பாடு. இரண்டாவது கடற்கரைச் சாலையில் மாலையானால் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிகள் வரிசையாக நிற்கும். வேகவைத்த நூடுல்ஸில் நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள், பூண்டு எண்ணெய், பேஜோ என்ற மொறுமொறு பண்டத்தின் நொறுக்கு எல்லாவற்றையும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப். அவித்த முட்டையைப் பிளந்து பொரித்த வெங்காயத்தைத் திணித்துத் தருவதும் உண்டு. பிசைந்து கொடுத்த அம்மாவிடம் பர்மாவுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். "நான் வியாசர்பாடில பொறந்தவ. எங்க பாட்டிதான் ரங்கூன்" என்றார்.

பட்டியலில் மீதி இருந்தது ரத்தன் பஜாரும் பிரம்புத் தட்டும். ரத்தினம் விற்ற கடைத்தெரு என்றுதான் இருவரும் நெடுநாள் எண்ணியிருந்தோம். பிரம்புக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரான ராட்டன்தான் ரத்தனாக மாறியிருக்கிறது என்பது அம்மாவின் பட்டியலில் அந்த இரண்டு சொற்களும் அடுத்தடுத்து இருந்ததால்தான் உறைத்தது. ஆனால் அங்கே பேனா இருந்தது, நோட்டுப் புத்தகம் இருந்தது, பூட்டு இருந்தது. பிரம்பு மட்டும் இல்லை. நாலு கடையில் கேட்டோம். மூன்று பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். நான்காவது கடையில், கல்லாவில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அம்மா, நான் இந்தத் தெருவுக்கு வந்து நாப்பத்திரண்டு வருஷமாவுது. நான் வந்தப்பவே இங்க பிரம்பு இல்ல" என்றார். சீர்த் தட்டாகப் பித்தளையில் இரண்டு வாங்கிக்கொண்டு ரயிலேறினோம்.

வீட்டில் அம்மா தட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிரம்பு எங்கே என்றார். பெரியவர் சொன்னதைச் சொன்னோம். அம்மா சற்று நேரம் எதையோ கணக்குப் போட்டார். 1974இல், தன் நாத்தனார் கல்யாணத்துக்கு, அப்பாயி இதே பிரம்புத் தட்டுக்காக அம்மாவை ரத்தன் பஜாருக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு பகல் முழுக்க அலைந்தும் கிடைக்காமல், தனக்குத்தான் கடை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, அம்மா வெறுங்கையோடு திரும்பித் திட்டு வாங்கியிருக்கிறார்.

"அப்போ அந்தக் கிழவியும் அதைப் பாத்தது இல்ல" என்று சொல்லிவிட்டு, பித்தளைத் தட்டைத் துலக்க எடுத்துப் போனார்.